பாட்டின் நடுவில் ஒரு பெயர்

அத்தியாயம் பதினேழு

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் இருந்தவர்கள்:

நிர்மலன். அவனுக்குத்தான் பிறந்தநாள். அறுபது.

அவன் மனைவி சிசிலி.

அவன் தங்கை இமெல்டா.

இமெல்டாவின் மகள் அக்னெஸ். முப்பத்தொரு வயது, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள்.

சொந்தக்காரர், சினேகிதர் என்று ஐம்பது சொச்சம் பேர். பாதிப் பேர் மட்டக்களப்பு, கொஞ்சப் பேர் யாழ்ப்பாணம், மிச்சம் கொலம்பியா.

எர்னான். இமெல்டாவின் புருஷன். இமெல்டா அந்தப் பெயரை வாயால் சொல்லிப் பதினொரு வருடமாகிறது.

எர்னான் கொலம்பியாவின் கடற்கரைப் பக்கத்துக்காரன். அங்கே அக்கோர்டியன் இல்லாமல் கல்யாணம் இல்லை. அந்த இசைக்கு வயெனாத்தோ என்று பெயர். மூன்று வாத்தியம் போதும். அக்கோர்டியன் ஒன்று. காஹா என்ற சின்ன மேளம் ஒன்று. குவாச்சராக்கா என்று ஒரு மூங்கில் தடி. அதில் வரிவரியாக வெட்டியிருப்பார்கள், முள்ளுக்கரண்டி மாதிரி ஒரு கம்பியால் சுரண்டினால் சத்தம் வரும்.

தொண்ணூறாம் ஆண்டு, மொன்றியலில், அகதிகளுக்கான பிரெஞ்சு வகுப்பில் எர்னானுக்கு இமெல்டாவின் பக்கத்துக் கதிரை கிடைத்தது. இரண்டு பேருக்கும் பிரெஞ்சு வரவில்லை. கல்யாணம் வந்தது.

நிர்மலன் மட்டக்களப்புக் கல்யாண வீடுகளில் பைலாப் பாட்டுக்கு மேளம் அடித்தவன். காஹாவை மடியில் வைத்த முதல் நாளே அவன் கை அந்த ஆட்டத்தைப் பிடித்துவிட்டது. சுரண்டுகோல் இமெல்டாவுக்கு. தேங்காய் துருவுற கைக்கு இது பெரிய வேலையா என்று கேட்டாள். அக்னெஸ் ஏழு வயதில் பாட ஆரம்பித்தாள். குழுவுக்கு 'கொன்ஹுந்தோ மட்டக்களப்பு' என்று பெயர் வைத்தார்கள். மட்டக்களப்பு தங்கள் கரையில் எங்கோ இருக்கிற ஓர் ஆறு என்று கொலம்பியர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பதினெட்டு வருடம் வாசித்தார்கள். ஒரே ஒரு பெயரால் நின்றது.

வயெனாத்தோவில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டின் நடுவில், குரல் ஓய்ந்து அக்கோர்டியன் தனியாக ஓடும் இடத்தில், வாசிப்பவன் ஒரு பெயரை உரக்கச் சொல்லி வணக்கம் வைப்பான். கூட்டத்தில் இருப்பவராக இருக்கலாம். தூரத்தில் இருப்பவராக, செத்தவராகக்கூட இருக்கலாம். மனதில் யார் நிறைந்திருக்கிறாரோ அவர் பெயர். பாட்டில் பெயர் விழுவது பெரிய மரியாதை.

புரோசார்டில் ஒரு கல்யாண மண்டபத்தில், இருநூறு பேருக்கு முன்னால், எர்னான் சொன்ன பெயர் யமிலே. யாருக்கும் தெரியாத பெண் பெயர். இமெல்டா அந்தப் பாட்டு முடியும்வரை சுரண்டினாள். வீட்டுக்கு வந்து "ஆர் அது?" என்று கேட்டாள். எர்னான் பதில் சொல்லவில்லை. விடிய அவனுடைய பை வெளிப்படியில் இருந்தது. அவன் இரண்டு மணித்தியாலத் தூரத்தில் உள்ள ஷெர்புரூக் நகரத்துக்குப் போனான். திரும்பவில்லை.

போன வாரம் அக்னெஸ் ஓர் உண்மையைச் சொன்னாள். இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை தகப்பனைப் போய்ப் பார்த்து வருகிறாளாம். மாமாவின் பிறந்தநாளுக்கு வாசிக்க அவரைக் கூப்பிட்டும் விட்டாளாம். அவருக்கு வீட்டுக்கே திரும்பி வர விருப்பமாம்.

"வந்து வாசிக்கட்டும்," என்றாள் இமெல்டா. "மற்றதுக்கு வாசிச்சு முடியப் பதில் சொல்றன்."

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

*

"பாஸ்போட்டிலை உங்கடை அண்ணைக்கு அம்பத்தேழு, மச்சாள்," என்றாள் சிசிலி. அவள் யாழ்ப்பாணம். மண்டபத்துச் சமையலறையில் கத்தரிக்காய்ப் பொரியலைத் தட்டத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள். "அறுபது எண்டு எழுதின கேக்கை ஃபேஸ்புக்கிலை போட்டா, நாளைக்கு இமிகிரேஷன்காரன் வந்து நிப்பான்."

"வரட்டும். அவனுக்கும் ஒரு துண்டு வெட்டுவம்," என்றான் நிர்மலன்.

கொழும்பில் ஏஜென்சிக்காரன் அவனுக்கு மூன்று வயதைக் குறைத்து எழுதிவிட்டான். இமெல்டாவுக்கு உண்மையான வயது, ஐம்பத்தெட்டு. ஆகவே கனடா அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவள் நிர்மலனுக்கு மூத்தவள்.

"அக்கா, உப்புப் பாருங்க." நிர்மலன் கறிக்கரண்டியை நீட்டினான்.

"அடி விழும் அண்ணன். போய் மேளத்தைப் பாருங்க."

நிர்மலன் சிரித்துக்கொண்டு போனான். இமெல்டா சிரிக்கவில்லை. காலையில் ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய வெங்காயத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். சம்பலுக்கு நாலு வெங்காயம் போதும். பதினொன்று வெட்டியிருந்தாள்.

அக்னெஸ் ஃபோனும் கையுமாக உள்ளே வந்தாள். "அம்மா, பப்பா வந்திட்டார். பார்க்கிங்கில நிக்கிறார்."

"கூட்டிக்கொண்டு வாவன்."

"வர வேணாமாம். தானே வாறாராம். அஞ்சு நிமிஷமாம்."

"அந்தாள் அஞ்சு நிமிஷம் எண்டா அரை மணித்தியாலம்."

"அம்மா, சில் தூ ப்ளே. இண்டைக்குச் சண்டை வேணாம்," என்று பிரெஞ்சு கலந்து கெஞ்சினாள்.

"கத்தி கையில இரிக்கேக்க நான் சண்டை பிடிக்கிற இல்ல, புள்ள."

எர்னான் இருபது நிமிடத்துக்குப் பிறகு வந்தான். மெலிந்திருந்தான். தலை முழுக்க வெள்ளை. அக்கோர்டியன் பெட்டி தோளில் பழைய இடத்திலேயே தொங்கியது.

"மச்சான்! நீ கிழவனாப் போயிட்டாய்!"

"நீ மட்டும் என்ன, மாப்பிள்ளையா?" நிர்மலன் அவனைக் கட்டிப்பிடித்தான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முதுகில் தட்டிக்கொண்டே நின்றார்கள். ஐம்பது பேர் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

எர்னானின் தமிழ் நிர்மலனிடமும் கல்யாண வீடுகளிலும் பொறுக்கியது. மரியாதைப் பன்மை மட்டும் அவனுக்கு ஏறவில்லை. பங்குச் சுவாமியையும் "நீ சாப்பிட்டியா?" என்று கேட்பான். இமெல்டா அவனோடு கோபித்த நாளிலும் 'நீங்க' என்றுதான் பேசுவாள். அப்படி வளர்ந்தவள்.

அவன் சமையலறை வாசலுக்கு வந்தான்.

"இமெல்டா."

"சோறு அந்தப் பக்கம் இரிக்கு."

"நான் சோத்துக்கு வரல்ல."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. மறுகா ரெண்டு தட்டுத் தின்பாங்க."

சிசிலி இருமினாள். இடத்தைவிட்டு அசையவில்லை.

"மச்சி, போய்க் கதிரைய எண்ணுங்க," என்றாள் இமெல்டா.

"எண்ணியாச்சு."

"இன்னொருக்கா எண்ணுங்க."

சிசிலி போனாள். போகும்போது கதவைச் சாத்தாமல் போனாள். இமெல்டா போய்ச் சாத்திவிட்டு வந்தாள்.

"எனக்கு வீட்ட வரணும்," என்றான் எர்னான். "அங்க ஒரு அறை. நான் அக்கோர்டியன எடுத்தா பக்கத்து வீட்டுக்காரன் சுவரில அடிக்கிறான். எனக்கு அறுபத்திநாலு. நீ ஓம் எண்டு சொல்லலாம் எண்டு அக்னெஸ் சொன்னா."

"அக்னெஸ் என்னவும் சொல்லுவா. வீட்டுக் கதை வாசிச்சு முடிய. முதல்ல ஒண்டு கேட்கிறன். யமிலே ஆர்?"

குளிர்ப்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. எர்னான் அதையே பார்த்தான்.

"என்ட மகள்."

பதினொரு வருடத்தில் இமெல்டா அந்தப் பெயருக்குப் பல முகம் வைத்துப் பார்த்திருந்தாள். மெத்ரோவில் ஸ்பானிஷ் பேசிய அழகான பெண் ஒவ்வொருத்தியும் யமிலேதான். சிலரைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டிருக்கிறாள். ஒரு குழந்தையின் முகத்தை வைத்துப் பார்த்ததே இல்லை.

"நான் வெளிக்கிடேக்க அவக்கு மூண்டு வயசு," என்றான் எர்னான். "தாயோட நான் கலியாணம் முடிக்கல்ல. இங்க வந்து அகதி ஃபோர்ம் நிரப்பேக்க, பிள்ளைகள் எண்டு ஒரு பெட்டி. லைன்ல முன்னால நிண்டவன் சொன்னான், இல்ல எண்டு எழுது, தனி ஆள் எண்டா ஃபைல் கெதியா ஓடும் எண்டு. எழுதிட்டன்."

இமெல்டா கத்தியைக் கீழே வைத்தாள். அந்த ஃபோர்ம் அவளுக்கும் தெரியும். அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் முன்னால் அப்படி ஒருவன் நின்றான்.

"மறுகாத்தான் தெரியும். இல்ல எண்டு எழுதின பிள்ளைய பேந்து கூப்பிட ஏலாது. எழுதினது பொய் எண்டு சொன்னா என்ட பேப்பரும் போகும். பயம். உன்னட்டச் சொல்லவும் பயம். புரோசார்ட் கலியாணத்தண்டு காலம அவ முதல் முதலா ஃபோன் எடுத்தா. பப்பா எண்டா. அண்டைக்கு முழுக்க எனக்கு நெஞ்சுக்குள்ள அதுதான். வாசிக்கேக்க பேர் தானா வந்திட்டு."

"நான் கேட்டன்தானே. அண்டு ராவு கேட்டன்."

"இருபத்திரண்டு வரியம் சொல்லாததை ஒரு ராவில எப்பிடிச் சொல்லுற?"

"இருநூறு பேருக்கு மைக்கில சொன்னீங்க."



இமெல்டா வெங்காயத்தைப் பார்த்தாள். மகளை மறைத்தவன் கள்ளக் காதலி வைத்திருந்தவனைவிட நல்லவனா? யோசித்துப் பார்த்தாள். முடிவு வரவில்லை. ஆனால் எதுவோ ஒன்று இறங்கியிருந்தது. வாயில் இத்தனை வருடம் கிடந்த கல்லைத் துப்பிய மாதிரி இருந்தது. இந்த ஆளுக்கு ஓம் என்று சொல்லலாமோ என்று அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது.

"இப்ப அவ எங்க?"

எர்னான் ஜன்னல் பக்கம் திரும்பினான். நிலக்கீழ் அறையின் ஜன்னல். கார் சில்லுகளும் கால்களும்தான் தெரியும்.

"கொலம்பியாவில," என்றான்.

இமெல்டா கையைக் கழுவித் துடைத்தாள். "வாங்க. சனம் காத்திருக்கு."

"நீயும் வாறியா?"

"சுரண்டுகோல அக்னெஸ் கொண்டுவந்திரிக்காள். சும்மா கிடக்கட்டுமா?"

*

நால்வரும் பழைய ஒழுங்கில் உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லவில்லை. இடது பக்கம் நிர்மலன் மேளத்தோடு, வலது பக்கம் இமெல்டா, நடுவில் எர்னான், முன்னால் நின்றபடி அக்னெஸ். எர்னான் அக்கோர்டியனைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தான். அந்தக் காற்றுச் சத்தத்துக்கே இமெல்டாவின் கை தானாக எழுந்தது.

முதல் பாட்டு தொடங்கியது.

பார்க் எக்ஸ்டென்ஷனில் நிலக்கீழ் வீட்டில் இருந்த காலத்தில், மேல்வீட்டுக் கிரேக்கக் கிழவன் தடியால் நிலத்தை இடிக்கும்வரை இப்படித்தான் வாசிப்பார்கள். சில நாள் அவன் இடிப்பதே தாளத்துக்கு இடிப்பான். பிறகு ஒரு நாள் ஒலிவ் போத்தலோடு இறங்கி வந்து உட்கார்ந்துகொண்டான். பின் கதவு பூட்டாத ஒரு வான் வைத்திருந்தார்கள். கயிற்றால் கட்டி ஓட்டுவார்கள். பிறந்தநாள்கள், ஞானஸ்நானங்கள், ஒருமுறை லவாலில் இரண்டு கல்யாணத்துக்கு ஒரே நாளில். இரண்டாவது கல்யாணத்தில் நிர்மலன் நித்திரையில் வாசித்தான். ஒரு அடி பிசகவில்லை. அக்னெஸ் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் இருந்து வீட்டுப்பாடம் செய்தாள்.

இமெல்டாவுக்கு அப்போது தையல் தொழிற்சாலையில் வேலை. கிழமை முழுவதும் காலர். சனிக்கிழமை இந்தத் தடியைக் கையில் எடுத்தால்தான் தனக்கு இரண்டு கையும் இருக்கிறது என்று தெரியும்.

இதையெல்லாம் அவள் நினைக்க விரும்பவில்லை. சத்தம் நினைக்க வைத்தது.

கொலம்பியர்கள் எழுந்து ஆடினார்கள். மட்டக்களப்பார் அதைப் பைலாவாக்கினார்கள். யாழ்ப்பாணத்தார் கைதட்டினார்கள். எர்னான் நிர்மலனுக்கு வணக்கம் வைத்தான். "என்ட மச்சான் நிர்மலனுக்கு! அறுபது வயசு, பாஸ்போட்டில அம்பத்தேழு!" மண்டபம் அதிர்ந்தது.

பாட்டு முடிந்தபோது எர்னான் இமெல்டாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பவில்லை. அக்னெஸ் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிற சாட்டில் கண்ணைத் துடைத்தாள்.

இரண்டாவது பாட்டு எர்னானே கட்டியது. ஆற்றைக் கடக்க வந்தவன் ஓடக்காரனோடு பேரம் பேசும் பாட்டு. புரோசார்டில் அந்தப் பெயர் விழுந்தது இந்தப் பாட்டில்தான். அவன் அதை வேண்டுமென்றே எடுத்தான். கழுவித் திருப்பித் தரப் பார்க்கிறான் என்று இமெல்டாவுக்கு விளங்கியது. அதுவும் பிடித்திருந்தது.

அப்போதுதான் சிசிலி வந்தாள். கேக் பெட்டியை எடுக்க வெளியே போனவள். மேடையின் ஓரத்தால் குனிந்து வந்து இமெல்டாவின் காதுக்குள் வாயை வைத்தாள்.

"மச்சாள், உவற்றை காருக்குள்ளை ஒரு பொம்பிளை இருக்கிறா."

"எந்தக் கார்?"

"எர்னான்ரை கார்தான். அக்னெஸ் ஃபோட்டோவிலை காட்டின நீலக் கார். நான் கண்ணாடியிலை தட்டினன். ஸ்பானிஷிலை ஏதோ சொன்னா. எஞ்சினும் போடேல்லை, விறைச்சுப்போய் இருக்கிறா. எத்தினை வயசெண்டு கேட்டா நாப்பது மட்டிலை. முகம் அப்பிடியே எங்கடை அக்னெஸ்."

இமெல்டாவின் கை நிற்கவில்லை. மேலே, கீழே, கீழே. மேலே, கீழே, கீழே.

அக்னெஸ் இரண்டாவது அடியைப் பாடி முடித்தாள். அக்கோர்டியன் தனியாக ஓடத் தொடங்கியது. பெயர் சொல்லும் இடம். எர்னான் வாயை இறுக மூடிக்கொண்டான். இந்த இடத்தைச் சும்மா விடப்போகிறான் என்று தெரிந்தது. நிர்மலன் பெருமூச்சு விட்டான்.

இமெல்டா சுரண்டியபடியே எழுந்து வந்து அக்னெஸின் மைக்குக்குக் கிட்ட வாயை வைத்தாள்.

"யமிலேக்கு!" என்றாள். "வெளியில காருக்குள்ள விறைச்சுக்கொண்டிரிக்கிற யமிலேக்கு! இந்த அக்கோர்டியன்காரர்ட மூத்த மகளுக்கு!"

எர்னானின் விரல் வழுக்கியது. இத்தனை வருடத்தில் அவன் விரல் வழுக்கி யாரும் கேட்டதில்லை.

பின்வரிசையில் ஒரு கொலம்பியக் கிழவர் விசிலடித்தார். அவருக்குத் தமிழ் விளங்கவில்லை. பெயர் மட்டும் விளங்கியது. பெயர் விழுந்தால் விசிலடிக்க வேண்டும். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்னெஸ் மைக்கை நிர்மலனின் மடியில் போட்டுவிட்டு வாசலை நோக்கி ஓடினாள்.

பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது குழுவின் முதல் சட்டம். பாடுவதற்கு ஆள் இல்லாமலே மூன்று பேரும் அதைக் கடைசிவரை வாசித்தார்கள்.

*

அக்னெஸ் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். ஆண்கள் போடுகிற பெரிய ஜாக்கெட். சேறு காய்ந்த சப்பாத்து. தோட்ட வேலைக்கு வருகிறவர்களின் கைகள். இரண்டு பேரும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது, மேசை மேசையாகப் பேச்சு நின்றது. இருவருக்கும் ஒரே அடர்ந்த புருவம்.

"ஆறு கிழமையாகுதாம் கனடாவுக்கு வந்து," என்றாள் அக்னெஸ். தகப்பனிடம்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "ஷெர்புரூக்குக்குப் பக்கத்தில தோட்டத்தில வேலையாம். ஞாயிறில உங்கட அறையில நிக்கிறவவாம். போன மாசம் வந்தப்ப கதவடியில பொம்பிளச் சப்பாத்து இருந்திச்சு பப்பா. அடுத்த வீட்டுக்காரிட எண்டீங்க."

"ஒண்டொண்டாச் சொல்ல நினைச்சன், மகள்."

"ரெண்டு வரியமா ஒவ்வொரு மாசமும் பஸ் ஏறி வந்தன். என்னட்டையுமா?"

"முதல்ல நான் வீட்ட போறது. மறுகா மெல்ல…"

"உங்களுக்கு வீடு, அவக்குக் கார்," என்றாள் இமெல்டா. "அப்பிடித்தானே?"

எர்னான் அக்கோர்டியனின் வாரைத் தோளிலிருந்து கழற்றினான். கழற்றியபின் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

சிசிலி நடுவால் வந்தாள். கையில் சோற்றுத் தட்டு. "சண்டை ஆறாது. சோறு ஆறிப்போம். முதல் அந்தப் பிள்ளை சாப்பிடட்டும்."

யமிலே சாப்பிட்டாள். தலையை நிமிர்த்தாமல், வேகமாக, பருப்பையும் சம்பலையும் தனித்தனியாக. கத்தரிக்காயை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். அவள் முடிக்கும்வரை இமெல்டா எதிரே உட்கார்ந்திருந்தாள்.

கேக் வெட்டினார்கள். நிர்மலன் மெழுகுதிரியை ஊதினான். யாரோ கைதட்டினார்கள்.

அக்னெஸ் அதற்கு முன்னமே கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியேறிவிட்டாள். தாயிடமும் சொல்லவில்லை. மூன்று தரம் ஃபோன் எடுத்தார்கள். எடுக்கவில்லை.

*

இமெல்டாவின் வீடு மண்டபத்திலிருந்து நாலு தெரு. நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. அந்த வருடத்து முதல் பனி, நிலத்தில் ஒட்டாத பனி, விழுந்துகொண்டிருந்தது.

பெரிய சோற்றுப் பானையை இமெல்டா தூக்க, யமிலே வந்து மற்றக் காதைப் பிடித்தாள். பானை நடுவில், இரண்டு பேரும் இரண்டு பக்கம். எர்னான் பத்தடி பின்னால் அக்கோர்டியனோடு வந்தான். யாரும் அவனை வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

இமெல்டாவின் ஸ்பானிஷ் முழுக்கப் பாட்டில் கற்றது. பிரிவு தெரியும். ஆறு, குதிரை, சத்தியம், நிலவு, துரோகம் எல்லாம் தெரியும். குளிருதா என்று கேட்கத் தெரியாது. ஆகவே பேசாமல் நடந்தாள்.

மூன்றாவது தெரு திரும்பியபோது யமிலேதான் பேசினாள். மெதுவாக, ஒரு குழந்தைக்குச் சொல்வது போல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஜாக்கெட்டின் உள்பையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு இமெல்டாவைக் காட்டினாள்.

அந்த வசனத்தில் இரண்டு சொல் இமெல்டாவுக்குத் தெரிந்தது. இரண்டும் பாட்டில் வருகிறவை. ஒன்று அம்மா. மற்றது கடிதம்.

யமிலேயின் தாய் இமெல்டாவுக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

இமெல்டா திரும்பிப் பின்னால் வந்தவனைப் பார்த்தாள். அவனுக்கும் அந்த வசனம் கேட்டிருக்க வேண்டும். நடை நின்றிருந்தது. இந்தக் கடிதத்தைப் பற்றி அவனுக்கு ஒன்றுமே தெரியாது என்று அவன் முகம் சொன்னது. பிறகு வேகமாக நடந்து கிட்ட வந்தான்.

வீடு இரண்டாம் மாடி. தெருவிலிருந்தே ஏறும் இரும்புப் படி. யமிலே முன்னால் ஏறினாள், பானையோடு. இமெல்டா கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டாள். சப்பாத்தைக் கழற்றும்படி கையால் காட்டினாள். யமிலே பானையை ஏந்தியபடியே குதிகாலால் மிதித்துக் கழற்றினாள். காலுறையில் ஓட்டை.

எர்னான் கடைசிப் படியில் நின்றான். பனி அவன் வெள்ளைத் தலையில் தெரியவில்லை. பெட்டியின் மேல் தெரிந்தது.

"இமெல்டா. பதில் சொல்றன் எண்டு சொன்னாய்."

"ஓம். சொன்னன்."

"அவ என்ட மகள். நீ பாட்டில எல்லாருக்கும் சொன்னாய். நான் நினைச்சன்…"

"அந்தப் பேருக்கு நான் வச்ச கோபம் முடிஞ்சுது. அது ஒரு பிள்ளைட பேர். பிள்ளையோட எனக்கு என்ன கோபம்?"

"அப்ப என்னோட?"

"மத்தியானம் அவ எங்க எண்டு கேட்டன். கொலம்பியாவில எண்டீங்க. ஜன்னலால அவ இருந்த காரைப் பார்த்துக்கொண்டு சொன்னீங்க."

"பயத்தில சொன்னது."

"தெரியும். நீங்க சொன்ன எல்லாம் பயத்தில சொன்னதுதான். பழைய பொய்யெண்டா நான் மன்னிச்சிருப்பன், எர்னான். இண்டைக்கு ஓம் எண்டு சொல்லத்தான் இருந்தன். ஆனா இது பொய் சொல்லி மூண்டு மணித்தியாலம்கூட ஆகல்ல."

பதினொரு வருடத்துக்குப் பிறகு அவள் அவனுடைய பெயரைச் சொன்னதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"அந்தக் கடிதம்," என்றான் எர்னான். குரல் மாறியிருந்தது. "அத நீ வாசிக்க முதல் நான் உனக்கு ஒண்டு சொல்லணும். இமெல்டா, கேள். அத வாசிக்க முதல்…"

"எனக்கு ஸ்பானிஷ் வாசிக்கத் தெரியாது. அவ வாசிச்சுக் காட்டட்டும். பாட்டில வாற சொல் எண்டா விளங்கும்."

இமெல்டா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே யமிலே ஓட்டைக் காலுறையோடு, பானையை இன்னும் இறக்காமல், எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். இமெல்டா கீழ்ப்பூட்டைத் திருப்பினாள். கொஞ்சம் பொறுத்தாள். இரும்புப் படியில் யாரும் இறங்கும் சத்தம் கேட்கவில்லை.

மேல்பூட்டையும் போட்டாள்.